பிரிவு எண்கள் தெரிந்த நடுவர்களுக்குப் பயத்தைப் படிக்கவும் கற்றுக்கொடுங்கள்: நீதித்துறை அகாடமிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு மாநில நீதித்துறை அகாடமியின் இயக்குநர் அவர்களுக்கும், பயிற்சிப் பாடங்களை வகுக்கும் நீதிபதிகளுக்கும்,

வணக்கம்.

நான் கீழமை நீதிமன்றங்களில் வழக்காடுகிறேன். குடும்ப வன்முறை வழக்குகளில் பெரும்பாலும் பெண்கள் தரப்பில் நிற்கிறேன். குற்றம் சாட்டப்பட்ட கணவன்மாருக்காகவும் வக்காலத்து போட்டிருக்கிறேன். உங்களிடம் பயிற்சி முடிக்கும் நடுவர்கள் (மாஜிஸ்திரேட்டுகள்) நேராக நாங்கள் நிற்கும் நீதிமன்றங்களுக்குத்தான் வருகிறார்கள். வகுப்பறையில் நடப்பதை நீங்கள் அறிவீர்கள். அதன் பலன் கூண்டுக்கு எதிரே நிற்பவர்களுக்கு எப்படித் தெரிகிறது என்று சொல்லத்தான் இந்த மடல்.

அவர்கள் சட்டம் தெரியாமல் வருகிறார்கள் என்று யாரும் குறை சொல்ல முடியாது. மனைவியைக் கணவனோ அவர் உறவினரோ கொடுமைப்படுத்துவதற்கான பழைய தண்டனைச் சட்டப் பிரிவு 498ஏ இப்போது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 85, 86 ஆகிவிட்டது என்பதும் தெரியும், எந்தப் பிரிவுக்கு எவ்வளவு தண்டனை என்பதும் தெரியும். அடி வாங்கிய பெண் நீதிமன்றத்தில் எப்படி நடந்துகொள்வார், அடித்தவர் எப்படி நடந்துகொள்வார் என்பதுதான் பலருக்குப் பிடிபடுவதில்லை. அது பிடிபடாத இடத்தில் சட்ட அறிவு இருந்தும் தீர்ப்பு தப்பாகப் போகிறது.

இப்படி ஒரு பயிற்சி கேட்பது புதிதில்லை. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 11ஆம் பிரிவு காவல்துறையினரோடு நீதித்துறைப் பணியில் இருப்பவர்களுக்கும் அவ்வப்போது பயிற்சி தர வேண்டும் என்று அரசுக்குக் கடமை விதிக்கிறது. பணியில் சேரும்போது ஒரு தடவை என்று அதில் இல்லை, அவ்வப்போது என்று இருக்கிறது. அப்புறம் 2021 மார்ச்சில் அபர்ணா பட் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் அழுத்தமாகச் சொன்னது. பாலியல் சீண்டல் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் புகார் கொடுத்த பெண்ணின் வீட்டுக்கே போய் ராக்கி கட்டிக்கொள்ள வேண்டும் என்று மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் ஜாமீனுக்கு நிபந்தனை விதித்திருந்தது. அதை ரத்து செய்த உச்ச நீதிமன்றம், பாலின உணர்வு குறித்த பயிற்சி ஒவ்வொரு நீதிபதியின் அடிப்படைப் பயிற்சியிலும் இருக்க வேண்டும் என்றது. அந்த நிபந்தனையை விதித்தவரும் சட்டம் படித்தவர்தான்.

நம் மாநிலத்தில் இது சிறிய விஷயமில்லை. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் திருமணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் 38.1 விழுக்காட்டினர் கணவனின் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். தேசிய சராசரி 29.3. அதே கணக்கெடுப்பில், உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ வன்முறைக்கு ஆளான இந்தியப் பெண்களில் உதவி கேட்டவர்கள் வெறும் 14 விழுக்காடு. மகளிர் ஸ்டேஷன், புகாரைப் பெற்றதற்கான சிஎஸ்ஆர் ரசீது, சமரசப் பேச்சு எல்லாம் தாண்டி ஒருத்தி கூண்டேறி நிற்கிறாள் என்றால், அந்தப் பதினான்கிலும் அவள் ஒரு சிறுபான்மை.

சரி, அந்தக் கூண்டிலிருந்தே தொடங்குகிறேன்.

குறுக்கு விசாரணையில் வழக்கமாக வரும் கேள்வி இது: "புகாரில் ராத்திரி ஒன்பது மணின்னு சொல்லியிருக்கீங்க, இப்ப பதினொண்ணுன்னு சொல்றீங்க. எது உண்மை?" அடுத்தது: "ஆறு வருஷமா அடிச்சார்னு சொல்றீங்களே, இந்த ஆறு வருஷத்துல ஒரு தடவைகூட ஆஸ்பத்திரிக்குப் போகலையா?" அதற்கடுத்தது: "போன தீபாவளிக்கு ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டு எடுத்த போட்டோதானே இது?" இவற்றைக் கேட்பதில் தப்பில்லை, எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் வேலையே அதுதான். நானே கேட்டிருக்கிறேன். ஆனால் அந்தப் பதில்களைத் தீர்ப்பில் என்ன செய்வது என்பது நடுவரின் வேலை. வழிப்பறி வழக்கில் நேரம் மாறினால் சந்தேகம் வருவது நியாயம், ஏனென்றால் வழிப்பறி ஒரே ஒரு இரவில் நடந்தது. நூறு தடவை அடி வாங்கியவளுக்கு எந்த அடி எந்த இரவில் விழுந்தது என்பது குழம்பத்தான் செய்யும். தேதியும் கிழமையும் பிசகாமல் ஒப்பித்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். ஆனாலும் "முன்னுக்குப்பின் முரண்", "புகாரில் இல்லாததை மேம்படுத்திச் சொல்கிறார்", "தாமதத்துக்கு விளக்கமில்லை", "சுயேச்சை சாட்சி இல்லை" என்று நாலு வரியில் வழக்கு முடிந்துபோகிறது. நடுக்கூடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு நடந்ததற்குச் சுயேச்சை சாட்சி எங்கிருந்து வருவார்?

கூண்டில் அவள் அழாமல் நின்றால் "பாதிக்கப்பட்டவர் மாதிரித் தெரியவில்லை" என்கிறார்கள். கோபமாகப் பேசினால் பழிவாங்க வந்தவள். கணவனோ இஸ்திரி போட்ட சட்டையில் கைகட்டி, நீதிமன்றத்துக்கு மரியாதை காட்டி நிற்பார். வீட்டுக்குள் அடிக்கிற பலரும் வெளியாட்கள் முன்னால் நிதானமானவர்கள்தான். மேலதிகாரியிடமும் பக்கத்து வீட்டுக்காரரிடமும் கையை ஓங்காதவர் வீட்டில் மட்டும் ஓங்குகிறார் என்றால், கோபத்தைக் கட்டுப்படுத்த அவருக்குத் தெரியும் என்றுதானே பொருள்? உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் பாலின முன்முடிவுகள் பற்றி ஒரு கையேடு வெளியிட்டது. பாதிக்கப்பட்ட பெண் இப்படித்தான் நடந்துகொள்வாள் என்ற எதிர்பார்ப்புகளை அது எடுத்து வைத்து மறுக்கிறது. நல்ல கையேடு. ஆனால் படித்து மூடி வைத்தால் பழக்கம் மாறாது.

கேள்விகள் எல்லை மீறும்போது நடுவர் என்ன செய்கிறார் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். அநாகரிகமான கேள்விகளையும், அவமானப்படுத்தவே கேட்கப்படும் கேள்விகளையும் தடுக்க பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 154, 155 பிரிவுகள் இடம் தருகின்றன. பழைய சாட்சியச் சட்டத்தில் இவை 151, 152 ஆக இருந்தன. நடுவரே கேள்வி கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள 168 இருக்கிறது. இந்த அதிகாரங்களைப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு. சீனியர் வக்கீல் ஒருவர் குரலை உயர்த்தும்போது, பணியில் சேர்ந்து ஆறு மாதமான நடுவர் குறுக்கிடத் தயங்குவது மனித இயல்பு. அதற்குத்தான் ஒத்திகை வேண்டும். "இந்தக் கேள்வியை அனுமதிக்கவில்லை" என்று சத்தமாகச் சொல்லிப் பழகாத வாய், நீதிமன்றத்தில் திடீரென்று சொல்லாது.

பிறழ்சாட்சி, அதாவது முன்பு சொன்னதைக் கூண்டில் மறுக்கும் சாட்சி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இந்த வழக்குகள் அதிகம் செத்துப்போவது அங்கேதான். புகார் கொடுத்த பெண் இரண்டு வருடம் கழித்துக் கூண்டில் வந்து, "குடும்பத் தகராறு, கோபத்தில் புகார் கொடுத்துவிட்டேன்" என்கிறாள். உதவி அரசு வழக்கறிஞர் பிறழ்சாட்சியாக அறிவித்து இரண்டு கேள்வி கேட்கிறார், அவள் மறுக்கிறாள், விடுதலை. பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். இதைப் பார்த்துப் பார்த்து நடுவர்களுக்கு ஒரு முடிவு வந்துவிடுகிறது: "இந்தப் பெண்கள் புகார் கொடுப்பார்கள், அப்புறம் சேர்ந்துகொள்வார்கள், நம் நேரம்தான் வீண்." அடுத்த வழக்கில் வருகிற பெண்ணையும் அதே கண்ணோடு பார்க்கிறார்கள்.

அந்த இரண்டு வருடத்தில் நடந்தது என்னவென்று யாராவது கேட்டிருக்கலாம். பிள்ளையின் பள்ளிக் கட்டணம் யார் கையில் இருந்தது? அவள் எந்த வீட்டில் தங்கியிருந்தாள்? வாய்தாவுக்கு வந்து நீதிமன்ற வராந்தாவில் அவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது என்ன சொல்லப்பட்டது? உண்மையாகவே சமாதானம் ஆகியிருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. மிரட்டலாலும் ஆகியிருக்கலாம். போக்கிடம் இல்லாததாலும் ஆகியிருக்கலாம். மூன்றும் ஆவணத்தில் ஒரே மாதிரிதான் தெரியும். பிரித்துப் பார்க்க வேண்டியவர் நடுவர். அவரிடம் கருவிகள் இல்லாமலும் இல்லை. பிறழ்சாட்சியின் சாட்சியம் முழுவதையும் தள்ளிவிட வேண்டியதில்லை என்பது நெடுநாளாக நிலைத்த சட்டம். சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை 2018இல் உச்ச நீதிமன்றமே நாடு முழுமைக்கும் நடைமுறைப்படுத்தியது. எளிதில் பாதிக்கப்படக்கூடிய சாட்சிகளுக்குத் தனி மையங்கள் அமைக்க 2022இல் உத்தரவிட்டது. மகளிர் நீதிமன்றத்துக்கு வருகிற பெண்ணுக்கு அந்த வசதி பொருந்துமா என்று பார்க்க நடுவருக்கு முதலில் தோன்ற வேண்டும். அந்தத் தோன்றுதல் பயிற்சியில்தான் வரும். எல்லாவற்றையும்விட எளிய வழி, சாட்சியத்தை வாய்தா போடாமல் பதிவு செய்வது. தள்ளிப்போகிற ஒவ்வொரு மாதமும் அவளை வழிக்குக் கொண்டுவர நினைப்பவருக்குக் கிடைக்கும் ஒரு மாதம்.

அடுத்தது ஏ.ஆர். காப்பி, அதாவது காயங்களைக் குறிக்கும் விபத்துப் பதிவேட்டின் படி. அரசு மருத்துவமனையில் எழுதிக் கொடுக்கும் அந்த ஒற்றைத் தாளில் "சாதாரண காயம்" என்று இருந்தால், வழக்கே சாதாரணமாகிவிடுகிறது. கழுத்தை நெரித்ததாகப் பெண் சொல்கிறாள், தாளில் காயம் எதுவும் இல்லை, எனவே மிகைப்படுத்துகிறாள் என்று வாதம் வைக்கப்படும். ஏற்றுக்கொள்ளவும் படும். அமெரிக்காவின் சான் டியாகோவில் கழுத்து நெரிப்பு நடந்த 300 வழக்குகளைப் பார்த்து 2001இல் வெளியிட்ட ஆய்வில், பாதி வழக்குகளில் கண்ணுக்குத் தெரியும் காயமே இல்லை. குரல் கம்மியதா, விழுங்கும்போது வலித்ததா, நினைவு தப்பியதா, தன்னையறியாமல் சிறுநீர் பிரிந்ததா, கண் வெள்ளையில் சிவப்புப் புள்ளிகள் இருந்தனவா என்று கேட்டால்தான் தெரியும். யாரும் கேட்பதில்லை. இது ஏன் முக்கியம் என்றால், ஒருமுறை கழுத்தை நெரித்தவர் கையாலேயே பின்னாளில் அந்தப் பெண் கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கு மேல் என்று 2008இல் வந்த இன்னொரு அமெரிக்க ஆய்வு சொல்கிறது. ஜாமீன் மனு வரும்போது நடுவர் மேசையில் இருக்கும் தாள்களில் இதைவிடப் பெரிய எச்சரிக்கை வேறு இருக்காது. ஒரு தடயவியல் மருத்துவரை அழைத்து அரை நாள் வகுப்பு நடத்துங்கள். அகாடமிக்கு அது பெரிய செலவில்லை.

ஆபத்து எப்போது கூடும் என்பதும் பாடத்தில் வேண்டும். "தனியாப் போயிட்டாங்களே, இனி என்ன பிரச்சினை?" என்று கேட்கிற நடுவர்களைப் பார்த்திருக்கிறேன். பிரிந்து போன உடனேயான நாட்கள்தான் உயிருக்கு அதிக ஆபத்தானவை என்பது இத்துறையில் வேலை செய்கிற எல்லோரும் அறிந்தது. உச்ச நீதிமன்றத்தின் அர்னேஷ் குமார் தீர்ப்பு 2014இல் சொன்னபடி, மூன்றாண்டு தண்டனைக் குற்றத்தில் உடனே கைது வேண்டியதில்லை, இயந்திரத்தனமாக ரிமாண்ட் செய்யவும் கூடாது. அது சரியான தீர்ப்பு, நான் அதோடு சண்டைக்கு வரவில்லை. ஆனால் கைது வேண்டாம் என்றால் பாதுகாப்பும் வேண்டாம் என்று பொருளில்லை. அவள் தங்கியிருக்கும் வீட்டுக்கும் வேலை செய்யும் இடத்துக்கும் போகக் கூடாது, போனில் கூப்பிடக் கூடாது, மாமியார் மூலம் தூது விடக் கூடாது என்று ஜாமீன் நிபந்தனை எழுதலாம். பெரும்பாலும் "தினமும் காலை 10.30 மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்து" என்பதோடு நின்றுவிடுகிறது. சில ஊர்களில் அந்த ஸ்டேஷன் அவளுடைய தாய்வீட்டுத் தெருவிலேயே இருக்கிறது!

குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் வரும் மனுக்களைச் சிவில் தகராறு போலப் பார்ப்பதும் ஒரு பழக்கம். முதல் விசாரணை சாதாரணமாக மூன்று நாட்களுக்குள், முடிவு 60 நாட்களுக்குள் எடுக்க முயல வேண்டும் என்று 12ஆம் பிரிவு சொல்கிறது. அதே நடுவர் காலையில் ரிமாண்ட், நடுவே காசோலை வழக்குகள், மதியம் குடிபோதையில் வண்டி ஓட்டியவர்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார், அதனால் 60 நாள் கெடுவைக் காட்டி அவரைக் குத்துவது நியாயமில்லை. ஆனால் 23ஆம் பிரிவின் கீழ் இடைக்கால உத்தரவு போட அவ்வளவு நேரம் தேவையில்லை. மனைவியின் பிரமாணப் பத்திரத்தைப் படித்து, முகாந்திரம் இருந்தால், எதிர்த்தரப்பு வராமலேயே போடலாம். பலர் "நோட்டீஸ் போகட்டும்" என்று எழுதுகிறார்கள். நோட்டீஸ் அவருக்குப் போய்ச் சேரும் நாளில் அவளுக்கு என்ன நடக்கும் என்று யோசிப்பதில்லை. இந்த உத்தரவை இருபது நிமிடத்தில் எழுதப் பழக்குங்கள். ஐந்து மாதிரி மனுக்கள் கொடுங்கள், இரண்டில் முகாந்திரம் இல்லாமல் இருக்கட்டும்.

உத்தரவை மீறினால் 31ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய, ஜாமீனில் விட முடியாத குற்றம். அதுவும் 32ஆம் பிரிவின்படி பாதிக்கப்பட்ட பெண்ணின் சாட்சியம் ஒன்றை மட்டும் வைத்தே குற்றம் நடந்தது என்று முடிவுக்கு வரலாம். சுயேச்சை சாட்சி எங்கே என்ற கேள்விக்கு நாடாளுமன்றமே பதில் எழுதி வைத்திருக்கிறது. நடைமுறையில் மீறல் புகார் வந்தால் "அடுத்த வாய்தாவுக்கு அவரையும் வரச் சொல்லுங்க, பேசிக்கலாம்" என்பதுதான் நடக்கிறது. மீறினாலும் ஒன்றும் ஆகாது என்று அவர் அன்றைக்கே கற்றுக்கொள்கிறார்.

ஆற்றுப்படுத்தல் (கவுன்சலிங்) பற்றியும் ஒரு வார்த்தை. அதே சட்டத்தின் கீழ் வந்த 2006ஆம் ஆண்டு விதிகளில் 14ஆம் விதி தெளிவாக இருக்கிறது: இனி வன்முறையில் ஈடுபட மாட்டேன் என்று கணவன் உறுதிமொழி தர வேண்டும், நடந்த வன்முறைக்கு அந்த அமர்வில் அவர் நியாயம் கற்பிக்கவே கூடாது. நம் அமர்வுகளோ "அவ ஏன் எதிர்த்துப் பேசினா?" என்பதில்தான் தொடங்குகின்றன. முடிவில் இருவருக்கும் சேர்த்து "அனுசரிச்சுப் போங்க" என்று அறிவுரை. அவள் ஏற்கெனவே அனுசரித்துப் போனதால்தான் இங்கே வந்து நிற்கிறாள்.

இந்த இடத்தில் ஓர் எதிர்வாதம் வரும், வர வேண்டும். இப்படிப் பயிற்சி கொடுத்தால் நடுவர்கள் பெண்கள் பக்கம் சாய்ந்துவிட மாட்டார்களா? பொய் வழக்குகள் இல்லையா? இருக்கின்றன. ஊரில் இல்லாத நாத்தனார், படுக்கையில் கிடக்கும் மாமனார் எல்லோரையும் புகாரில் சேர்த்து எழுதுவதை நான் எதிர்த்தரப்பில் நின்று உடைத்திருக்கிறேன். குறிப்பான குற்றச்சாட்டு இல்லாமல் குடும்பத்தையே இழுப்பதை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் தாரா லக்ஷ்மி நாராயணா வழக்கில் கண்டித்தது. ஆனால் பொய்யைக் கண்டுபிடிக்கவும் இதே அறிவுதான் வேண்டும். உண்மையான வன்முறை எப்படி நகரும், எங்கே தொடங்கி எப்படி இறுகும், பணத்தையும் போனையும் சொந்தபந்தத்தையும் எப்படிக் கைக்குள் கொண்டுவரும் என்று தெரிந்த நடுவருக்கு, ஜோடித்த புகார் சீக்கிரம் தெரிந்துவிடும். தெரியாதவர் அழுகையையும் சட்டை இஸ்திரியையும் பார்த்து முடிவு செய்கிறார். அது இரண்டு பக்கத்துக்கும் ஆபத்து.

வரதட்சணை கேட்டால்தான் 498ஏ என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பிரிவின் விளக்கத்தில் முதல் பகுதியே உடலுக்கோ மனத்துக்கோ கடும் கேடு செய்யக்கூடிய நடத்தையைத்தான் சொல்கிறது, வரதட்சணை இரண்டாவதுதான் வருகிறது. இதற்குத் தனி வகுப்பு வேண்டாம், ஒரு பக்கக் குறிப்பு போதும்.

பயிற்சி எப்படி இருக்கலாம் என்பதில் எனக்கு ஒரு கருத்து உண்டு. மேடையில் ஒருவர் ஸ்லைடு போட்டு மூன்று மணி நேரம் பேசுவது உதவாது. நம் மாநில நீதிமன்றங்களிலேயே முடிந்துபோன வழக்குகளின் கட்டுகளை எடுங்கள். பெயர், ஊர் எல்லாம் நீக்கிவிட்டு, சாட்சியத்தை மட்டும் கையில் கொடுத்து, தீர்ப்பை மறைத்துவிடுங்கள். பயிற்சி நடுவர்கள் தாங்களே தீர்ப்பு எழுதட்டும். அப்புறம் அசல் தீர்ப்பைப் படித்து, எந்த வரி சாட்சியத்திலிருந்து வந்தது, எந்த வரி எழுதியவரின் வீட்டு வளர்ப்பிலிருந்து வந்தது என்று பிரிக்கட்டும். கசப்பான வேலைதான், ஆனால் வேறெந்த வழியிலும் இது மண்டையில் ஏறாது. ஆறு மாதம் நீதிமன்றத்தில் உட்கார்ந்த பிறகு அதே அணியை மறுபடி கூப்பிடுங்கள். முதல் தடவை கேட்கத் தெரியாத கேள்விகளோடு வருவார்கள்.

கனடாவில் 2023இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம், நெருங்கிய துணையின் வன்முறை பற்றியும், அடியில்லாமலே ஒருவரை அடக்கி வைக்கும் கட்டுப்பாட்டு முறை பற்றியும் நீதிபதிகளின் தொடர்கல்வியில் சேர்க்க வழி செய்தது. நீதித்துறையின் சுதந்திரம் அங்கே அதனால் பறிபோய்விடவில்லை. நமக்கு 11ஆம் பிரிவு அதற்குப் பதினேழு ஆண்டுகள் முன்பிருந்தே இருக்கிறது.

கடைசியாக, நடுவர்களோடு மட்டும் நிறுத்திவிடாதீர்கள். உதவி அரசு வழக்கறிஞர்களையும் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் நியமிக்கப்படும் பாதுகாப்பு அலுவலர்களையும் ஒரு நாளாவது அதே அறையில் உட்கார வையுங்கள். பெஞ்ச் கிளார்க்கையும் டவாலியையும் மறக்க வேண்டாம். கணவனுக்கும் மனைவிக்கும் வராந்தாவில் எந்த ஓரத்தில் இடம், யாரை முதலில் வெளியே அனுப்புவது என்பதையெல்லாம் நிஜத்தில் முடிவு செய்பவர்கள் அவர்கள்தான்.

அடையாளங்கள் நீக்கிய சாட்சியப் படிகள் தேவைப்பட்டால், என் கட்சிக்காரர்களின் சம்மதத்தோடு தொகுத்துத் தரத் தயாராக இருக்கிறேன். நான் வென்ற வழக்குகளும் அதில் இருக்கும், தோற்றவையும் இருக்கும். எதிர்த்தரப்பில் நின்று நான் நடத்திய குறுக்கு விசாரணைகளையும் சேர்த்தே தருகிறேன். எந்தக் கேள்வியில் என்னைத் தடுத்திருக்க வேண்டும் என்று உங்கள் பயிற்சி நடுவர்கள் குறித்து வைக்கட்டும்.

இப்படிக்கு,
கீழமை நீதிமன்றத்தில் வழக்காடும் ஒரு வழக்கறிஞர்